ரயில் மாடலில் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் ரயில் மாடல் ஆர்வலர்களைப் பற்றி வந்த கட்டுரையையும், அதற்கு மறுப்பாக ஒரு வாசகர் எழுதிய கடிதத்தையும் படித்தேன். கம்ப்யூட்டர் வந்துவிட்டால் மனிதனுக்கு அதில் வேலையே இல்லை, வேடிக்கை பார்க்க மட்டும்தான் ஆள் வேண்டும், பிள்ளைகளும் அதிலிருந்து எதையும் கற்கப் போவதில்லை என்பது அவருடைய வாதம். பணக்காரர்கள் வீட்டுப் பொம்மை என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார். அவர் அக்கறையோடு எழுதியிருக்கிறார் என்பது தெரிகிறது. ஆனாலும் அந்தக் கருத்து அப்படியே நின்றுவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். திருச்சி பொன்மலைப்பட்டியில் குடியிருக்கிறேன். மாடி அறையில் கீரனூர், புதுக்கோட்டை இரண்டு ஸ்டேஷன்களையும் நடுவே ஒற்றைப் பாதையையும் 1:87 அளவில் கட்டி வைத்திருக்கிறேன். மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை வந்த பிறகு இருந்த தோற்றம். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர்; கணக்குப்படி மாடலில் 19 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். கடையில் கிடைப்பதோ 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம், ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்குச் செய்தது. அதனால் நம் பெட்டிகள் என் மாடலில் சற்று ஒடுங்கிய பாதையில்தான் போகின்றன. தெரிந்தவர் கண்ணுக்கு அது உறுத்தும். அதைப் பொறுத்துக்கொண்டுதான் இந்தியாவில் நிறைய பேர் மாடல் செய்கிறோம்.

முன்பு இதைப் பழைய முறையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். கன்ட்ரோலர் குமிழைத் திருகினால் தண்டவாளத்துக்கு 0 முதல் 12 வோல்ட் வரை நேர்மின்சாரம் போகும். வோல்ட் கூடினால் வேகம் கூடும். பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தால் எஞ்சின் பின்னால் வரும். ஒரே ஒரு ரயில் என்றால் இதைவிட எளிய ஏற்பாடு கிடையாது. இரண்டாவது எஞ்சினை வைத்ததும் தொல்லை ஆரம்பிக்கும். தண்டவாளத்தில் இருக்கிற மின்சாரம் எல்லா எஞ்சினுக்கும் பொது. ஒன்று நகர்ந்தால் மற்றதும் நகரும். கீரனூரில் ஒரு கூட்ஸை லூப் லைனில் (மெயின் லைனிலிருந்து பிரிந்து மறுபடி சேரும் பக்கத் தடம்) நிறுத்திவிட்டு மெயின் லைனில் பாசஞ்சரை விட வேண்டுமானால், லூப்பைத் தனித் துண்டாக வெட்டி, அதற்கு ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும். இரண்டு பேர் ஓட்டுவதென்றால் ஒவ்வொரு துண்டும் எந்தக் கன்ட்ரோலரிடம் இருக்கிறது என்று முடிவு செய்ய இன்னொரு வரிசை சுவிட்ச். பலகைக்கு அடியில் குனிந்து பார்த்தால் ஒயர் காடு. என் கவனம் முழுக்க எந்தச் சுவிட்ச் எந்தப் பக்கம் என்பதிலேயே இருந்தது; ரயிலைப் பார்க்க நேரம் இல்லை. உண்மையில் அப்போது நான் ஓட்டியது தண்டவாளத்தை. எஞ்சினுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தையும் இருக்கவில்லை.

டிசிசி (டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்) என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டிஜிட்டல் முறை அந்த இடத்தைத்தான் மாற்றுகிறது. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும், என் அளவு மாடலுக்குச் சுமார் 14, 15 வோல்ட். அது திசை மாறி மாறித் துடிக்கும் மின்சாரம். அந்தத் துடிப்பிலேயே செய்தி இருக்கிறது. ஒரு துடிப்பின் பாதி 58 மைக்ரோ நொடி நீடித்தால் அது 1. 100 மைக்ரோ நொடி அல்லது அதற்கு மேல் நீடித்தால் அது 0. இப்படி ஒன்றும் பூஜ்யமுமாக, நொடிக்கு நூறுக்கும் மேற்பட்ட கட்டளைகள் தண்டவாளம் முழுக்கப் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கட்டளையிலும் முதலில் முகவரி, அப்புறம் வேகமோ விளக்கோ ஒலியோ, கடைசியில் செய்தி வழியில் கெட்டுப்போனதா என்று சரிபார்க்க ஒரு எண். எஞ்சினுக்குள் விரல் நகம் அளவில் உட்கார்ந்திருக்கும் டிகோடர் தன் முகவரி வந்தால் மட்டும் கேட்கும். மற்றதை விட்டுவிடும். சரிபார்க்கும் எண் பொருந்தாவிட்டால் அந்தச் செய்தியையே கணக்கில் எடுத்துக்கொள்ளாது. இரைச்சல் உள்ள தடத்தில் வந்த அரைகுறைச் செய்தியை நம்பாதே என்பது சிக்னல் வேலையில் எனக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட பாடம். அதே ஒழுக்கத்தை ஒரு சின்னஞ்சிறு சில்லில் பார்த்தபோது எனக்கு இந்த முறை மேல் மரியாதை வந்துவிட்டது.

இதில் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. டிசிசியின் அடிப்படையை வகுத்தது ஜெர்மனியின் கீசன் நகரத்தைச் சேர்ந்த லென்ஸ் நிறுவனம். 1990களில் அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் அதை எடுத்து, எல்லோருக்கும் பொதுவான தரநிலையாக வெளியிட்டது. அந்தச் சங்கம் 1935இல் தொடங்கியது. சக்கரமும் தண்டவாளமும் கம்பெனிக்குக் கம்பெனி பொருந்தாமல் இருந்த தொல்லையைத் தீர்ப்பது அதன் முதல் வேலைகளில் ஒன்று. அந்த 58 மைக்ரோ நொடிக் கணக்கை யாரும் படிக்கலாம், யாரும் டிகோடர் செய்யலாம். ஒரு கம்பெனியின் டிகோடர் இன்னொரு கம்பெனியின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் கீழ்ப்படியும். புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: பெட்டியில் தனக்கென்று மட்டும் ஒரு மொழி வைத்திருக்கும் சாதனத்தை வாங்காதீர்கள். அந்தக் கம்பெனி அந்தப் பொருளை நிறுத்திவிட்டால் உங்கள் ரயிலும் நின்றுவிடும்.

மாற்றும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் வந்தால் கைவேலை போய்விடும் என்று அந்த வாசகர் நினைக்கிறார். கைவேலை எங்கே இருக்கிறது என்று பார்த்தால் அவர் மனம் மாறலாம்.

முதலில் பலகைக்கு அடியில் தடித்த ஒயர் இரண்டை முழு நீளத்துக்கும் ஓட்ட வேண்டும். அதிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் மெல்லிய ஒயரைப் பற்றவைக்க வேண்டும். தண்டவாளங்களை இணைக்கும் தகட்டை நம்பக் கூடாது, நாள்பட அது தளரும், கறுக்கும். எல்லாம் முடிந்ததும் ஒரு ரூபாய் நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைத்துப் பார்க்க வேண்டும். எந்த மூலையில் வைத்தாலும் பூஸ்டர், அதாவது தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி, உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்கவில்லை என்றால் அந்த இடத்தில் ஒயர் மெலிவு, அல்லது பற்று சரியில்லை என்று பொருள். பழைய கன்ட்ரோலரில் ஷார்ட் ஆனால் ரயில் நிற்கும், அவ்வளவுதான். இங்கே பல ஆம்பியர் கொடுக்கும் பூஸ்டர் பின்னால் இருக்கிறது. அது மின்சாரத்தைத் துண்டிக்காமல் விட்டால் தடம் புரண்ட பெட்டியின் சக்கரமே சூடேறி பிளாஸ்டிக் உருகிவிடும். இந்தச் சோதனையை ஒருவரும் தவிர்க்கக் கூடாது.

அடுத்தது எஞ்சின். புதிய எஞ்சின்களில் டிகோடருக்கு 8 முள், 21 முள் என்று பொருத்துமிடம் இருக்கிறது, செருகினால் போதும். பழையதில் அப்படிக் கிடையாது. மேல்கூட்டைக் கழற்றி, மோட்டாரின் இரண்டு முனைகளும் உலோக அடிச்சட்டத்திலிருந்து முற்றிலும் பிரிந்திருக்கின்றனவா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். நிறைய பழைய எஞ்சின்களில், மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் கரித்துண்டு ஒன்று சட்டத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும். சட்டம் தண்டவாள மின்சாரத்தோடு இருக்கும். அதைப் பிரிக்காமல் டிகோடரை இணைத்தால் புகைந்துவிடும். பிறகு நிறங்கள். சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்திலிருந்து, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளுக்குப் பொது. அந்தத் தரநிலையைப் பின்பற்றும் கம்பெனி எந்த நாட்டுடையதாக இருந்தாலும் இதே நிறங்கள். ரயில்வேயில் கேபிள் நிறத்தைப் பார்த்தே வேலை செய்து பழகிய எனக்கு அது பெரிய நிம்மதி.

என்னிடம் இருப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது டபிள்யூடிஎம்-2 டீசல். பொன்மலை ஷெட்டைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை. நம் டபிள்யூடிஎம்-2 அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைப்பு. உள்ளே இருப்பது ஆல்கோ 251 எஞ்சின். அதே 251 அங்கேயும் பல டீசல்களில் ஓடியதால், வெளிநாட்டு ஒலி டிகோடர்களில் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். நம் ஊர் ஹாரனை மட்டும் நாமே பதிவு செய்து ஏற்றிக்கொண்டால் சரி. சும்மா நிற்கும்போது அது விட்டு விட்டுத் துடிக்கிற துடிப்பு மாடி அறையில் கேட்டால், கீழே சமையலறையில் இருக்கும் என் மனைவிக்குக்கூட எந்த எஞ்சின் என்று தெரிந்துவிடுகிறது.

இதுவரை சொன்னதில் கம்ப்யூட்டர் இன்னும் வரவே இல்லை. டிசிசிக்குக் கம்ப்யூட்டர் கட்டாயம் கிடையாது. கையடக்கக் கன்ட்ரோலர் ஒன்று போதும். நான் கம்ப்யூட்டரை இணைத்ததற்குக் காரணம் வேறு. அதைச் சொல்லும் முன், ரயில் மாடலும் கம்ப்யூட்டரும் நேற்றுத்தான் சந்தித்துக்கொண்டவை என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1946இல் மாணவர்கள் தொடங்கிய ரயில் மாடல் கழகம் ஒன்று உண்டு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து நன்கொடையாக வந்த ரிலேக்களையும் (மின்சாரத்தால் தானே இயங்கும் சுவிட்ச்) சுவிட்சுகளையும் வைத்து, பல பேர் பல ரயில்களை ஒரே நேரத்தில் ஓட்டும் ஏற்பாட்டைப் பலகைக்கு அடியில் கட்டினார்கள். அந்த ரிலே பித்துப் பிடித்த பிள்ளைகள்தான் பிறகு அங்கே வந்த டிஎக்ஸ்-0, பிடிபி-1 கம்ப்யூட்டர்களைச் சூழ்ந்துகொண்டவர்கள். 1962இல் ஸ்பேஸ்வார் என்ற ஆரம்பகாலக் கம்ப்யூட்டர் விளையாட்டை உருவாக்கியவர்களில் அந்தக் கழகத்தினர் இருந்தார்கள். ரயில் மாடலின் ஒயரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போனவர்கள் அவர்கள்.

என் ஏற்பாடு சாதாரணமானது. கட்டளையை அனுப்பும் பெட்டியாக ஆர்டுயினோ மெகா என்ற சிறு எலெக்ட்ரானிக் பலகை, அதன் மேல் மோட்டார் ஓட்டும் பலகை. இரண்டும் சென்னை ரிச்சி தெருவில் கிடைப்பவை. அதில் டிசிசி-இஎக்ஸ் என்ற இலவச மென்பொருள். பக்கத்தில் ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர், அதில் மாடல் ரயிலைக் கட்டுப்படுத்தும் ஜேஎம்ஆர்ஐ என்ற மென்பொருள். இந்த ஜேஎம்ஆர்ஐயும் இலவசம், மூல நிரல் திறந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பாப் ஜேகப்சன் தொடங்கியது, உலகம் முழுக்க ஆர்வலர்கள் சேர்ந்து வளர்ப்பது. மாடல் ரயில் மென்பொருள் விற்கும் ஒருவரோடு அவருக்கு வழக்கு வந்தது. 2008இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், இலவசமாகக் கொடுத்தாலும் உரிம நிபந்தனைகளைக் பதிப்புரிமைச் சட்டப்படி அமல்படுத்தலாம் என்று சொன்னது. திறந்த மென்பொருள் பற்றிப் பேசும் சட்டத் துறையினர் இன்றும் சுட்டிக்காட்டுகிற தீர்ப்பு அது. பொம்மை ரயில் என்று ஒதுக்குகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது அந்த வாசகருடைய கேள்விக்கு வருகிறேன். கம்ப்யூட்டருக்கு நான் கொடுத்திருப்பது சிக்னல்காரன் வேலை. டிரைவர் வேலையை அதற்குக் கொடுக்கவில்லை, கொடுக்கப் போவதும் இல்லை.

எஞ்சினை ஓட்டுவது கைதான். வீட்டுக்கு வரும் பிள்ளைகள் செல்போனில் இருக்கும் ஒரு செயலியால் ஓட்டுவார்கள், நான் குமிழ் வைத்த கன்ட்ரோலரால் ஓட்டுவேன். எவ்வளவு வேகம், எங்கே பிரேக், எப்போது ஹாரன் எல்லாம் ஓட்டுகிறவர் பொறுப்பு. கம்ப்யூட்டர் பார்ப்பது மூன்று விஷயம்: எந்தத் தடத்தில் வண்டி நிற்கிறது, வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயின்ட் எந்தப் பக்கம் போட்டிருக்கிறது, சிக்னல் எந்த நிறம் காட்டலாம். பாயின்ட் தப்பான பக்கம் இருந்தால் பச்சை வராது. எதிர்ப்பக்கத்து வண்டிக்கு வழி கொடுத்திருந்தால் இந்தப் பக்கம் பாயின்டே நகராது. நிஜ ஸ்டேஷனில் இதை இன்டர்லாக்கிங் என்கிறோம். முன்பு லீவர் ஃபிரேமில், அதாவது கையால் இழுக்கும் நெம்புகோல் வரிசையில், இரும்புக் கட்டைகள் செய்த வேலை, பிறகு ரிலே அறைகள் செய்த வேலை, இப்போது எலெக்ட்ரானிக் பெட்டிகள் செய்கிற வேலை.

கீரனூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே உள்ள ஒற்றைப் பாதைக்கு டோக்கன் முறை வைத்திருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பல ஒற்றைப் பாதைகளில் நீல் டோக்கன் கருவி இருந்தது. இரண்டு ஸ்டேஷனிலும் ஆளுயரச் சிவப்புப் பெட்டி, உள்ளே இரும்பு உருண்டைகள். ஒரு உருண்டை வெளியே வந்துவிட்டால் எந்தப் பக்கத்திலும் இன்னொரு உருண்டை வராது. அதை வளையப் பையில் போட்டு டிரைவர் கையில் கொடுப்பார்கள். உருண்டை கையில் இருந்தால்தான் அந்தப் பாதையில் போகலாம். என் மாடலில் அந்த உருண்டை ஜேஎம்ஆர்ஐயில் ஒரு நினைவிடம். ஸ்டேஷன் மாஸ்டராக உட்காருகிறவர் திரையில் எடுத்துக் கொடுக்க வேண்டும். எடுக்காமல் வண்டியைக் கிளப்பினால், ஸ்டேஷனைவிட்டுக் கிளம்ப அனுமதி தரும் ஸ்டார்ட்டர் சிக்னல் சிவப்பு. சிவப்பைத் தாண்டினால் கம்ப்யூட்டர் அந்த எஞ்சினின் முகவரிக்கு நில் என்று கட்டளை அனுப்பும். அந்த ஒரு வண்டி மட்டும் நிற்கும், மற்றவை ஓடும். இன்று ரயில்வேயில் பொருத்தப்பட்டுவரும் கவச் அமைப்பின் நோக்கமும் இதுதான். லோகோ பைலட் ஓட்டுகிறார்; அவர் சிவப்பைத் தாண்டப் போனால் கருவி பிரேக் போடுகிறது. கவச் வந்ததால் லோகோ பைலட்டுக்கு வேலை இல்லை என்று யாராவது சொல்வார்களா?

இதில் சிக்னல்காரனாக என்னை மிகவும் யோசிக்கவைத்த ஓர் இடம் உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். நிஜத் தண்டவாளத்தில், தடம் காலியா என்று கண்டுபிடிக்கும் டிராக் சர்க்யூட் எப்படி வேலை செய்கிறது? ஒரு முனையில் சிறு மின்சாரம் கொடுப்போம், மறுமுனையில் ரிலே. மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரை ரிலே தூக்கியபடி இருக்கும், அதாவது தடம் காலி. வண்டியின் சக்கரம் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்ததும் ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். ஒயர் அறுந்தாலும் விழும். பேட்டரி தீர்ந்தாலும், தண்டவாளம் உடைந்தாலும் விழும். எது கெட்டாலும் சிவப்பு. அதுதான் சிக்னல் துறையின் உயிர்.

மாடலில் இது தலைகீழ். தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் இருக்கிறது. அதை யாராவது இழுக்கிறார்களா என்று உணர்கருவி பார்க்கிறது. இழுத்தால் வண்டி இருக்கிறது. அப்படியானால் ஒயர் அறுந்தால்? இழுப்பு இல்லை. கம்ப்யூட்டர் காலி என்று நினைக்கும், பச்சை காட்டும். அங்கே ஒரு வண்டி நின்றுகொண்டிருக்கலாம்! பெட்டிகளுக்கு மோட்டார் இல்லாததால் அவற்றையும் உணர்கருவி பார்க்காது. எஞ்சின் இல்லாமல் விட்டுப்போன பெட்டி கம்ப்யூட்டர் கணக்கில் இல்லவே இல்லை. இதற்கு ஆர்வலர்கள் செய்வது, பெட்டியின் அச்சில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஒட்டி, சக்கரம் வழியாகச் சொட்டு மின்சாரம் இழுக்கவைப்பது. ஒவ்வொரு ரேக்குக்கும் (பெட்டித் தொடர்) கடைசிப் பெட்டியில் கட்டாயம் வைத்திருக்கிறேன். அதோடு, எந்த வண்டியும் வராத தடம் திடீரென்று நிரம்பினாலோ, பக்கத்துத் தடத்துக்குப் போகாமலே வண்டி மறைந்தாலோ, அந்தத் தடத்தைப் பூட்டிச் சிவப்புக் காட்டும்படி ஜேஎம்ஆர்ஐயில் விதி எழுதியிருக்கிறேன். ஒரு ஆள் எழுந்து போய்த் தடத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பூட்டைத் திறக்க முடியும். நிஜத்தில், சக்கர அச்சுகளை எண்ணித் தடம் காலியா என்று சொல்லும் ஆக்சில் கவுன்ட்டர் குழம்பினால் நாங்கள் செய்வதும் ஏறக்குறைய இதுவே.

இந்த விதிகளை உட்கார்ந்து எழுதுவதில் இருக்கிற யோசனையை வேடிக்கை பார்ப்பது என்று சொல்ல முடியாது. எது கெட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு ஒயரையும் பார்த்துக் கேட்க வேண்டும்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001இல் பிரௌன் சகோதரர்கள் தொடங்கிய மினியாடூர் வுண்டர்லாண்ட் இருக்கிறது. உலகின் மிகப் பெரிய ரயில் மாடல், 1:87, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரயில்கள். அங்கே ஓட்டுவதும் கம்ப்யூட்டர்தான். நாள் முழுக்கக் கூட்டம் வந்து பார்க்கும் காட்சிக்கூடத்துக்கு அது சரி. அந்த வாசகர் மனதில் இருப்பது இந்தப் படமாக இருக்கலாம். வீட்டு மாடலுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. எந்த வேலையைக் கொடுப்பது, எதைக் கையில் வைத்துக்கொள்வது என்பது கட்டுகிறவர் முடிவு. வேண்டுமானால் கூட்ஸ் ஒன்றைக் கம்ப்யூட்டரிடம் விட்டுவிட்டு, தனியாளாக இருக்கும்போது பாசஞ்சரை மட்டும் நாம் ஓட்டலாம். கிராசிங்கில் எதிர்வண்டி வர வேண்டுமே! நான் அப்படித்தான் பல மாலைகளில் செய்கிறேன்.

பிள்ளைகள் எதையும் கற்க மாட்டார்கள் என்ற வரிதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. எதிர்வீட்டுப் பெண், ஒன்பதாம் வகுப்பு, வாரக் கடைசியில் வருவாள். டிகோடருக்குள் எண்ணிட்ட அமைப்புகள் பல இருக்கும். 1ஆம் எண் முகவரி, 3 கிளம்பும் நிதானம், 4 நிற்கும் நிதானம். 29ஆம் எண்ணில் மட்டும் பல விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். திசையைத் திருப்ப 1, 28 வேகப் படிகளுக்கு 2, பழைய நேர்மின்சாரத்திலும் ஓட 4, நான்கு இலக்க முகவரிக்கு 32. வேண்டியதைக் கூட்டிப் போட வேண்டும். எஞ்சின் வண்டி எண்ணையே முகவரியாக வைக்க ஆசைப்பட்டு, 32, 4, 2 மூன்றையும் கூட்டி 38 என்று அவளே எழுதினாள். இரும எண் முறையை அவள் புத்தகத்திலும் படித்திருக்கிறாள். எதற்கு அது என்று அன்றுதான் புரிந்தது என்றாள். 4ஆம் எண்ணைக் கூட்டி வைத்தால் கூட்ஸ் நிற்க வெகுதூரம் எடுக்கும், அதனால் ஸ்டேஷனுக்குள் நுழைய அனுமதி தரும் ஹோம் சிக்னலைப் பார்ப்பதற்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதையும் ஓட்டிப் பார்த்தே கற்றுக்கொண்டாள். "தாத்தா, நிஜ டிரைவரும் இப்படித்தான் முன்னாடியே யோசிப்பாங்களா?" என்று கேட்டாள். ஆமாம்மா, அதைவிட ரொம்ப முன்னாடி, என்றேன்.

பணக்காரர் பொம்மை என்ற குற்றச்சாட்டில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அதற்குக் காரணம் டிஜிட்டல் முறை இல்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கையால் செய்துகொள்ளலாம் என்று சொன்னேன். மென்பொருளுக்குக் காசு இல்லை. செலவு எஞ்சினிலும் பெட்டியிலும் இருக்கிறது. 2020 மத்திய பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் அது 70 ஆக உயர்ந்தது. அளவு குறைத்துச் செய்யும் மாடல்களும் சுங்கப் பட்டியலில் பொம்மைகளோடு ஒரே தலைப்பில் இருப்பதால் அந்த வரி இவற்றின் மேலும் விழுந்தது. நம் ஊர்ப் பொம்மைத் தொழிலைக் காப்பாற்றுவது நல்ல நோக்கம், தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மையைப் பார்த்து வளர்ந்த யாரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் சக்கரத்திலும் கப்ளிங்கிலும் மில்லிமீட்டரின் பின்னம் பார்க்கும் மாடலையும் மூன்று வயதுக் குழந்தையின் கிலுகிலுப்பையையும் ஒரே இடத்தில் வைப்பது சரியில்லை. இதைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை எழுதினால் அரசு கவனிக்கும்.

வீட்டில் பரண் மேல் பழைய ரயில் செட் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஒரு எஞ்சினுக்கு டிகோடர் போடுங்கள், பலகையில் ஒரு லைனை மட்டும் டிசிசியில் வையுங்கள். மற்றது பழைய கன்ட்ரோலரிலேயே இருக்கட்டும். இரண்டையும் ஒரே தண்டவாளத்தில் ஒரே நேரத்தில் மட்டும் இணைக்காதீர்கள். டிகோடர் இல்லாத எஞ்சினை டிசிசி தண்டவாளத்தில் நிறுத்தி வைக்கவும் வேண்டாம். மோட்டார் ரீங்கரித்துச் சூடாகிவிடும். ஒரே ஒரு ரயிலை வட்டமாக விட்டு ரசிப்பதுதான் விருப்பம் என்றால் பழைய முறையே தாராளமாகப் போதும், யாரும் அதைக் குறைவாகப் பேச வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கள் பகுதியில் ஒரு கல்வி நிறுவனத்தின் கண்காட்சி அறையில் பெரிய ரயில் மாடல் ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் தூசி படிந்து நிற்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டி பழுது, அந்தக் கம்பெனி இப்போது அந்த வகையைச் செய்வதில்லை என்றார்கள். தண்டவாளமும் பாயின்ட்டும் நன்றாகவே இருக்கின்றன. திறந்த தரநிலைக்கு மாற்றினால் அது மறுபடி ஓடும். மாற்றும் வேலையே எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்களுக்கு ஒரு முழு செய்முறைப் பாடம். இப்படி நின்றுபோன மாடல்கள் பாலிடெக்னிக்குகளிலும் ஐடிஐகளிலும் பள்ளிகளிலும் இருந்தால், அந்த ஆசிரியர்கள் உங்கள் அலுவலகம் வழியாக எனக்கு எழுதட்டும். ஒயரிங் படம், உணர்கருவியின் சர்க்யூட், டோக்கன் விதிகளின் பட்டியல் எல்லாம் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு நகல் அனுப்புகிறேன். திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் என்றால் சால்டரிங் இரும்போடு நேரிலேயே வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே சிக்னல் பராமரிப்பு ஊழியர்,
பொன்மலைப்பட்டி, திருச்சி.